கையில் அட்டை இருந்தும் அம்மாவால் ஏன் ஓட்டுப் போட முடியவில்லை?

வலங்கைமான் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி அதைச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 26. இளங்கலை வரலாறு படித்தவர். ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டே ஊர்க்காரர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறார். அம்மா விவசாயக் கூலி. ஊரில் வேலை இல்லாத மாதங்களில் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய் விடுதியில் தங்குவார். நடவுக்கும் அறுப்புக்கும் ஊருக்கு வந்துவிடுவார், பங்குனியில் வலங்கைமான் மாரியம்மன் கோயில் பாடைக் காவடிக்கும் தவறாமல் வந்துவிடுவார். 2024 ஏப்ரல் 19 அன்று மக்களவைத் தேர்தல். முதல் நாள் இரவு பஸ்ஸில் இடம் கிடைக்காமல் பாதி வழி நின்றுகொண்டே வந்து, காலை ஏழு மணிக்கு ஊர்ப் பள்ளிக்கூட வாக்குச்சாவடியில் வரிசையில் நின்றிருக்கிறார். வாக்காளர் அட்டையை நீட்டியதும், பட்டியலைப் புரட்டிப் பார்த்த அலுவலர், "அட்டை சரிதாம்மா, ஆனா லிஸ்ட்ல பேர் இல்லையே" என்று சொல்லிவிட்டார். அதே தெருவில் இன்னும் ஆறு பேருக்கு இதே கதி.

சகோதரியின் கேள்விகள் இவை. ஓட்டு அடிப்படை உரிமைதானே, மதுரை உயர்நீதிமன்றக் கிளையில் வழக்குப் போட்டு அந்தத் தேர்தலையே செல்லாது என்று சொல்ல வைக்க முடியாதா? வழக்கு முடியும்வரை புது விண்ணப்பம் கொடுக்காதே, கொடுத்தால் தப்பை நாமே ஒத்துக்கொண்டது போல் ஆகிவிடும் என்று ஒருவர் சொன்னார், அது சரியா? திருப்பூரிலும் ஊரிலும் இரண்டு இடத்திலும் பெயர் சேர்த்து வைத்தால் பாதுகாப்பா? கடைசியாக, "யாரையும் நம்பாமல் சட்டத்தை நானே படித்துத் தெரிந்துகொள்ள ஆசை. நூலகத்துக்குப் போனால் போட்டித் தேர்வுப் புத்தகங்கள்தான் இருக்கின்றன. கும்பகோணத்தில் வக்கீல்கள் நூலகம் இருக்கிறதாம், உள்ளே விட மாட்டார்களாம். தஞ்சை சரஸ்வதி மகாலில் கிடைக்குமா? எங்கே, எதை, எந்த வரிசையில் படிக்க வேண்டும்? அடுத்த தேர்தலுக்குள் எங்கள் தெருவுக்காக ஒரு சிறு கையேடு எழுதப் போகிறேன்."

அன்புள்ள சகோதரி, உங்கள் அம்மா இரவெல்லாம் பஸ்ஸில் நின்று வந்து, பள்ளிக்கூட வாசலிலிருந்து திரும்பிப் போனதைப் படித்தபோது மனசு கனத்துப் போனது. உங்கள் கோபம் முழுக்க நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதில் உங்களுக்குச் சிலர் தவறான வழி சொல்லியிருக்கிறார்கள். முதலில் அதைச் சரி செய்துகொள்வோம். அப்புறம் நூலகத்துக்குப் போகலாம்.

அட்டை வேறு, பட்டியல் வேறு

தேர்தல் சட்டம் என்றதும் எல்லோரும் தேடுவது 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தை. வேட்பாளர் தகுதி, பிரசாரம், லஞ்சம், தேர்தல் மனு எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அதன் 62-ஆம் பிரிவு, தொகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாத எவருக்கும் அங்கே வாக்களிக்கும் உரிமை கிடையாது என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறது. அட்டை, நீங்கள் இன்னார் என்று காட்ட மட்டுமே. ஆகவே அன்றைக்குச் சாவடியில் இருந்த அலுவலர் செய்தது சட்டப்படி சரிதான். அவர் மனம் இரங்கியிருந்தாலும் அவரால் ஒன்றும் செய்திருக்க முடியாது.

ஒரு சினிமாவுக்குப் பிறகு ஊரெங்கும் பேசப்பட்ட 49-பி விதியை நீங்களும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். 1961-ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளில் அது இருக்கிறது. நம் பெயரில் வேறு யாரோ ஏற்கெனவே ஓட்டுப் போட்டுவிட்டால், நமக்குத் தனியாக ஒரு வாக்குச்சீட்டு தருவதற்கான விதி அது. அதற்கும் பட்டியலில் பெயர் இருந்தாக வேண்டும். அம்மாவுக்கு அது பொருந்தாது.

நீங்கள் ஊன்றிப் படிக்க வேண்டியது அதிகம் பேர் கையில் எடுக்காத இன்னொரு சட்டம். அதற்கும் பெயர் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம்தான், ஆனால் ஆண்டு 1950. வாக்காளர் பட்டியலை யார் தயாரிப்பது, யாரைச் சேர்ப்பது, எப்படி நீக்குவது என்பதெல்லாம் அதில்தான் வருகிறது. அதன் 23-ஆம் பிரிவின் மூன்றாவது உட்பிரிவைப் படித்துப் பாருங்கள். வேட்புமனு தாக்கல் செய்யும் கடைசி நாளுக்குப் பிறகு, தேர்தல் முடியும்வரை அந்தத் தொகுதியின் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கவும் முடியாது, நீக்கவும் முடியாது. 2024-இல் தமிழ்நாட்டில் அந்தக் கடைசி நாள் மார்ச் 27. அதாவது அம்மா பஸ் ஏறுவதற்கு மூன்று வாரம் முன்பே கதவு சாத்தப்பட்டுவிட்டது. நம் பக்கத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். மேட்டூரை ஜூன் 12-இல் திறக்கிறார்கள் என்றால் வாய்க்காலை மே மாதமே தூர்வாரி முடிக்க வேண்டும். தண்ணீர் வந்தபிறகு மண்வெட்டியோடு போய் நின்றால் கரைதான் உடையும்.

வழக்குப் போடலாமா?

கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். இந்த இடத்தில்தான் பணமும் காலமும் வீணாகும்.

தேர்தலைச் செல்லாது என்று அறிவிக்கக் கேட்பதற்கு ஒரே வழி தேர்தல் மனு. அரசியலமைப்பின் 329-ஆம் பிரிவு வேறு எல்லா வழியையும் அடைத்துவிட்டது. 1951 சட்டத்தின் 81-ஆம் பிரிவுப்படி, வெற்றி அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து 45 நாட்களுக்குள் உயர்நீதிமன்றத்தில் அதைத் தாக்கல் செய்ய வேண்டும். 2024 ஜூன் 4 அன்று முடிவு வந்தது. கெடு ஜூலை 19-ஓடு முடிந்தது. மற்ற வழக்குகளில் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனு போடுவோமே, அது இங்கே நடக்காது. நான் வக்கீல் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பெரியவர் ஊராட்சித் தேர்தல் சம்பந்தமான காகிதங்களை மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். சான்றுகள் நன்றாகவே இருந்தன. ஊராட்சித் தேர்தலுக்கான மனு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகும், ஆனால் அங்கேயும் கெடு 45 நாள்தான். அவர் வந்தது 47-ஆவது நாள். "ரெண்டு நாள்தானே தம்பி" என்று அவர் கேட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அந்தப் பையைத் திருப்பிக் கொடுப்பதைத் தவிர என்னால் வேறொன்றும் செய்ய முடியவில்லை.

கெடு இருந்திருந்தாலும் உங்களுக்குப் பயன் இருந்திருக்காது. தேர்தலைச் செல்லாததாக்க, 100-ஆம் பிரிவில் உள்ள காரணங்களில் ஒன்றைக் காட்ட வேண்டும். உங்கள் விஷயத்துக்குக் கிட்டத்தட்ட வரக்கூடிய காரணம், வாக்கைத் தவறாக மறுத்தார்கள் என்பது. அதிலும் முடிவே மாறியிருக்கும் என்று நிரூபிக்க வேண்டும். ஏழு ஓட்டை வைத்து ஒரு மக்களவைத் தொகுதியில் அதை நிரூபிக்க முடியாது. மேலும், பட்டியலில் உள்ள குறையைத் தேர்தல் மனுவில் கிளப்ப முடியாது என்று இந்திரஜித் பரூவா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பட்டியல் தயாரிப்பது ஒரு வேலை, தேர்தல் நடத்துவது இன்னொரு வேலை என்று நீதிமன்றம் பிரித்துப் பார்க்கிறது.

மதுரைக் கிளை என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவும் சரியில்லை. உங்களுக்குச் சந்தை, ஆஸ்பத்திரி எல்லாம் கும்பகோணம்தான் என்பதால் அப்படித் தோன்றியிருக்கும். கும்பகோணம் தஞ்சாவூர் மாவட்டம், அது மதுரைக் கிளையின் எல்லையில் வருகிறது. வலங்கைமான் திருவாரூர் மாவட்டம். திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மூன்றும் சென்னையில் உள்ள உயர்நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். பத்து கிலோமீட்டர் பஸ் பயணத்துக்குள் போக வேண்டிய உயர்நீதிமன்ற இடமே மாறிவிடுகிறது.

சரி, பெயரை நீக்கியதை எதிர்த்து ரிட் மனு, அதாவது அரசு அலுவலரின் செயலை எதிர்த்து நேராக உயர்நீதிமன்றத்தில் போடும் மனு, போடலாமா? தேர்தல் அறிவிக்கை வராத காலத்தில் போடலாம். நீக்குவதற்கு முன் அம்மாவுக்கு நோட்டீஸ் தரவில்லை என்றால் உங்கள் பக்கம் வலு இருக்கிறது. 1950 சட்டத்தின் 22-ஆம் பிரிவு, ஊரைவிட்டுப் போய்விட்டார் என்று சொல்லி ஒருவர் பெயரை நீக்கும் முன் அவர் தரப்பைச் சொல்ல நியாயமான வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. லால் பாபு ஹுசைன் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகவே சொன்னது. ஆனால் சென்னை வரை போய், மாதக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய உத்தரவு என்ன? "விண்ணப்பம் கொடுங்கள், அலுவலர் பரிசீலிக்கட்டும்" என்பதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அந்த விண்ணப்பத்தை நீங்கள் நாளைக்கே கொடுக்கலாம்.

அதனால் படிவம் 6, அதாவது பட்டியலில் பெயர் சேர்க்கும் விண்ணப்பம், கொடுக்காதே என்று சொன்னவரின் பேச்சைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். படிவம் கொடுப்பதால் எந்தத் தப்பையும் ஒத்துக்கொண்டதாக ஆகாது. ஓராண்டுக்கு மேலாக அம்மா பட்டியலுக்கு வெளியே நிற்பதற்கு அந்த ஒரு வாக்கியம்தான் காரணம். படிவத்துக்குக் கட்டணம் இல்லை. வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் நேரில் தரலாம், தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலும் போடலாம். 1950 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் விவரம் சொல்வார்கள். படிவத்தை நிராகரித்தால் அதே 1950 சட்டத்தின் 24-ஆம் பிரிவுப்படி மாவட்ட ஆட்சியரிடம் 15 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அங்கேயும் தோற்றால் 30 நாளுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம். சிவில் நீதிமன்றத்துக்கு மட்டும் போகாதீர்கள், 30-ஆம் பிரிவு அதைத் தடுத்திருக்கிறது.

நீக்கிய அலுவலர்மீது நடவடிக்கை வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். 32-ஆம் பிரிவில் தண்டனை இருக்கிறது, மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டுவரை. ஆனால் தேர்தல் ஆணையமோ தலைமைத் தேர்தல் அதிகாரியோ அனுமதித்து வரும் புகாரைத்தான் நீதிமன்றம் ஏற்கும். நீங்கள் நேராகப் போய் வழக்குப் போட முடியாது. இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். நம் ஊர்களில் வீடு வீடாக வரும் அலுவலர் பெரும்பாலும் அங்கன்வாடி ஊழியராகவோ ஆசிரியராகவோ இருப்பார். பூட்டிய வீட்டைப் பார்த்து, பக்கத்து வீட்டில் கேட்டு, "திருப்பூர் போய்ட்டாங்க" என்ற பதிலை எழுதிக்கொண்டு போயிருக்கலாம். தவறு யாருடையது என்று காகிதம் பார்க்காமல் முடிவு கட்ட வேண்டாம்.

அந்தக் காகிதத்தை வாங்குங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டி, அம்மா பெயரிலேயே விண்ணப்பம் எழுதுங்கள். அவர் பெயரை நீக்கக் கோரி வந்த படிவம் 7-இன் நகல், அவருக்கு அனுப்பிய நோட்டீஸ், அது அவர் கையில் சேர்க்கப்பட்டதற்கான சான்று, விசாரணை அறிக்கை, வாக்காளர் பதிவு அலுவலரின் உத்தரவு ஆகியவற்றைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். மற்ற ஆறு பேரும் தனித்தனியாக இதையே கேட்கட்டும். ஏழு பேருக்கும் நோட்டீஸ் போகவில்லை என்று தெரிந்தால், அப்போது ஆட்சியருக்கும் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கும் சேர்ந்து மனு எழுதலாம். அந்த மனுவுக்குத் தனி மதிப்பு இருக்கும்.

இரண்டு இடத்தில் பெயர் வேண்டாம்

இதில் எனக்குத் தயக்கமே இல்லை. 1950 சட்டத்தின் 17, 18-ஆம் பிரிவுகள் இரண்டு தொகுதியிலும், ஒரே தொகுதியில் இரண்டு முறையும் பெயர் இருப்பதைத் தடுக்கின்றன. தெரிந்தே பொய் உறுதிமொழி கொடுத்தால் 31-ஆம் பிரிவுப்படி ஓராண்டு வரை சிறை. அம்மாவைக் காப்பாற்ற நினைத்து அவரையே சிக்கலில் மாட்டிவிடாதீர்கள்.

எந்த ஊர் என்பதை அம்மாதான் முடிவு செய்ய வேண்டும். 20-ஆம் பிரிவைப் படியுங்கள். ஓர் ஊரில் சொந்த வீடு இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒருவர் அங்கே குடியிருப்பவர் ஆகிவிட மாட்டார். அதேபோல், தற்காலிகமாக வெளியூர் போனதற்காக மட்டும் ஒருவர் குடியிருப்பை இழந்துவிடவும் மாட்டார். அம்மாவின் ரேஷன் அட்டை ஊரில் இருக்கிறது, ஒவ்வொரு நடவுக்கும் வருகிறார், திருப்பூரில் தங்குவது கம்பெனி விடுதி. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஊரில் பெயர் இருப்பதற்கு நல்ல நியாயம் இருக்கிறது. ஆனால் வீடு பூட்டியிருக்கும் ஒவ்வொரு முறையும் நீக்கப்படும் அபாயமும் கூடவே இருக்கும். நாளைக்கு வருஷம் முழுவதும் திருப்பூரிலேயே என்று ஆகிவிட்டால், படிவம் 8 கொடுத்து அங்கே மாற்றிக்கொள்வதுதான் நேர்மையான வழி.

எங்கே படிப்பது, எதை முதலில் படிப்பது

இப்போது எனக்கு மிகவும் பிடித்த உங்கள் கேள்விக்கு வருகிறேன். 26 வயதில், சட்டம் படிக்காத ஒருவர், சட்டத்தை மூலத்திலேயே படிக்க வேண்டும் என்று கேட்பது அபூர்வம்.

சரஸ்வதி மகாலுக்கு ஒரு நாள் அவசியம் போங்கள், ஆனால் இதற்காகப் போக வேண்டாம். அது ஓலைச்சுவடிகளுக்கும் பழைய நூல்களுக்குமான இடம். திருவாரூர் மாவட்ட மைய நூலகத்தில், வாங்கிப் போகும் அலமாரியை விட்டுவிட்டு, அங்கேயே உட்கார்ந்து படிக்கும் மேற்கோள் நூல் பிரிவு எது என்று கேளுங்கள். நாங்கள் பேர் ஆக்ட் என்று சொல்லும், விளக்கவுரை இல்லாமல் சட்ட வாசகம் மட்டும் அச்சிட்ட மெல்லிய புத்தகம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உடனே 1950 சட்டத்தின் 14-ஆம் பிரிவைத் திறந்து ஒரு சோதனை செய்யுங்கள். பதினெட்டு வயது நிறைந்ததைக் கணக்கிடும் தகுதி நாள் ஜனவரி 1 மட்டும்தான் என்று போட்டிருந்தால், அது பழைய பதிப்பு. 2021-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று நான்கு மாதங்களின் முதல் தேதியும் தகுதி நாட்கள். பழைய புத்தகத்தை மூடி வைத்துவிடுங்கள். புதிய பதிப்பிலும் பக்கத்தின் அடியில் உள்ள பொடி எழுத்துக் குறிப்புகளைத் தாண்டிப் போகாதீர்கள். எந்த வரி எந்த ஆண்டு நுழைந்தது, எது தூக்கப்பட்டது என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும்.

புத்தகம் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். மத்திய அரசின் இந்தியா கோட் இணையதளத்தில் திருத்தங்களோடு இரண்டு சட்டங்களும் இலவசமாக இருக்கின்றன. உங்கள் கடை ஜெராக்ஸ் மெஷினில் 1950 சட்டத்தை அச்சிட்டு, நூல் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். அது சின்னச் சட்டம்தான்.

வரிசை என்று கேட்டீர்கள். முதலில் அரசியலமைப்பின் 324 முதல் 329 வரை, ஆறே பிரிவுகள். அடுத்து 1950 சட்டத்தின் 14 முதல் 25 வரை, பிறகு 30, 31, 32. மூன்றாவதாக 1960-ஆம் ஆண்டு வாக்காளர் பதிவு விதிகள். படிவங்கள், நோட்டீஸ், மேல்முறையீட்டுக் கெடு எல்லாம் அதில்தான் இருக்கின்றன. சட்டத்தை மட்டும் படித்துவிட்டு விதிகளை விட்டுவிடுவது எங்கள் தொழிலில் இளையவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. நான்காவதாக, தேர்தல் ஆணையம் தன் அலுவலர்களுக்கு வெளியிடும் வாக்காளர் பட்டியல் கையேடு. அலுவலர் எதைச் செய்திருக்க வேண்டும் என்று அவருக்கே சொல்லித் தரும் புத்தகம் என்பதால், வாதாடும்போது அதற்குப் பலன் அதிகம். ஆணையத்தின் இணையதளத்தில் கிடைக்கிறது.

ரமாதேவியும் மெந்திரத்தாவும் எழுதிய பெரிய விளக்க நூலைப் பற்றி யாராவது சொல்வார்கள். ரமாதேவி 1990-இல் தலைமைத் தேர்தல் ஆணையராகச் சில நாட்கள் இருந்தவர். நல்ல நூல், நானே அடிக்கடி எடுப்பேன். ஆனால் முதலில் அதை எடுத்தால் அதன் கனத்திலேயே மலைத்துவிடுவீர்கள். அதற்கும் பழைய தீர்ப்புத் தொகுதிகளுக்கும் திருச்சி அரசு சட்டக் கல்லூரி, நாவலூர் குட்டப்பட்டில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம், தஞ்சாவூர் சாஸ்த்ராவின் சட்டப் பள்ளி ஆகியவற்றின் நூலகங்களைக் கேட்டுப் பார்க்கலாம். வெளியாட்களை விட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்குக் கிடையாது. இன்ன தலைப்பில் கையேடு எழுதுகிறேன், இன்ன நூல்கள் வேண்டும், இரண்டு நாள் போதும் என்று கல்லூரி முதல்வருக்கோ நூலகருக்கோ முன்கூட்டியே ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். நீங்கள் படித்த கல்லூரிப் பேராசிரியரிடம் ஓர் அறிமுகக் கடிதமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேண்டிய நூல் பட்டியலோடு வருபவரை நூலகர்கள் எளிதில் திருப்பி அனுப்ப மாட்டார்கள். வழக்கறிஞர் சங்க நூலகம் உறுப்பினர்களுக்கானது என்பது உண்மைதான். பழக்கமான வக்கீல் ஒருவரோடு போனால் உட்கார இடம் கிடைக்கும். சென்னைக்குப் போக வாய்த்தால் கன்னிமாரா நூலகம் போங்கள். நாட்டில் அச்சாகும் நூல்களின் பிரதிகள் சட்டப்படி வந்து சேரும் நூலகங்களில் அதுவும் ஒன்று.

தீர்ப்புகளுக்கு வருவோம். ஒரு தீர்ப்பை (1982) 1 எஸ்சிசி 691 என்று எழுதியிருப்பார்கள். ஆண்டு 1982, முதல் தொகுதி, இதழின் சுருக்கப் பெயர், 691-ஆம் பக்கம், அவ்வளவுதான். இந்த எண்ணில் இருப்பது ஜோதி பாசு வழக்கு. ஓட்டு அடிப்படை உரிமையா என்ற உங்கள் கேள்விக்கு அங்கேதான் பதில் தொடங்குகிறது. தேர்ந்தெடுக்கும் உரிமை அடிப்படை உரிமை அல்ல, சட்டம் தந்த உரிமை என்றது அந்தத் தீர்ப்பு. அதற்கும் முந்தையது நம் நாமக்கல்லில் முளைத்த வழக்கு. முதல் பொதுத்தேர்தலில் வேட்புமனு நிராகரிக்கப்பட்ட பொன்னுசாமி என்பவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். தேர்தல் நடக்கும்போது நடுவில் நீதிமன்றம் நுழையாது, முடிந்தபின் தேர்தல் மனுதான் என்று 1952-இல் தீர்ப்பு வந்தது. இன்றைக்கும் இந்தியா முழுவதும் எடுத்துக்காட்டும் தீர்ப்பு அது. பிறகு 2003-இல், சாவடிக்குள் போய் நாம் செய்யும் தேர்வு கருத்துச் சுதந்திரத்தில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2013-இல் நோட்டா வந்தது. 2023-இல் அனூப் பரன்வால் வழக்கில் நீதிபதி அஜய் ரஸ்தோகி தன் தனித் தீர்ப்பில் ஓட்டுரிமையை அடிப்படை உரிமைகளோடு சேர்த்தே எழுதினார். ஆக, கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது. உங்கள் கையேட்டில் "அடிப்படை உரிமை" என்று மொட்டையாக எழுதாமல், 326-ஆம் பிரிவு தரும் அரசியலமைப்பு உரிமை, அது நடைமுறைக்கு வருவது 1950, 1951 சட்டங்கள் வழியாக என்று எழுதுங்கள். யாரும் குறை சொல்ல முடியாது.

உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்சிஆர் தளத்தில் தீர்ப்புகளை இலவசமாகப் படிக்கலாம், சிலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. புரிந்துகொள்ளத் தமிழ் உதவும். மேற்கோள் காட்டும்போது மட்டும் ஆங்கில மூலத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். வலைத்தளங்களில் பிறர் எழுதிய சுருக்கத்தை நம்பி எதையும் கையேட்டில் ஏற்றாதீர்கள்.

நீங்கள் தேடாமல் விட்ட ஓர் ஆவணம் இருக்கிறது. அது வாக்காளர் பட்டியலேதான். தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்திலிருந்து உங்கள் சாவடியின் பட்டியலை இறக்கி, பின்பக்கத்தில் உள்ள துணைப் பட்டியலைப் பாருங்கள். நீக்கப்பட்டவர் பெயருக்கு முன்னால் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். இ என்றால் இறந்தவர், எஸ் என்றால் இடம் மாறியவர், ஆர் என்றால் இரட்டைப் பதிவு, எம் என்றால் ஆளைக் காணவில்லை, க்யூ என்றால் தகுதி இழந்தவர். தெருவில் ஏழு பேருக்கும் என்ன எழுத்து என்று ஒரு தாளில் எழுதினால் பாதிக் கதை வெளியே வந்துவிடும்.

கடிதத்தில் குடவோலையைப் பற்றிப் பெருமையாக எழுதியிருந்தீர்கள். வரலாறு படித்தவர், எழுதத்தான் செய்வீர்கள். ஆனால் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டை ஒருமுறை முழுதாகப் படித்துப் பாருங்கள். ஓலையில் பெயர் ஏற வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் நிலமும் சொந்த மனையில் வீடும் இருக்க வேண்டும், வயது 35-க்கும் 70-க்கும் இடையில் இருக்க வேண்டும். அதன் பிறகு குடத்திலிருந்து எடுப்பது குலுக்கல். அடுத்தவர் வயலில் நாற்று நடும் உங்கள் அம்மாவின் பெயர் எந்த ஓலையிலும் ஏறியிருக்காது. 1951-52 தேர்தலில்கூட, சொந்தப் பெயரைச் சொல்லாமல் இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்று மட்டும் பதிந்துகொண்ட ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பெயர்கள் நீக்கப்பட்டன, பெரும்பாலும் வட மாநிலங்களில். நிலம், வரி, படிப்பு எதையும் கேட்காமல் 18 வயதை மட்டும் கேட்கும் 326-ஆம் பிரிவு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை, முடிந்தால் உங்கள் கையேட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.

கடைசியாகச் செலவு பற்றி. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. திருவாரூர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைப் பாருங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். அம்மா அடுத்த நடவுக்கு ஊருக்கு வரும்போதே படிவம் 6-ஐக் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிடுங்கள். ஒப்புகைச் சீட்டை வாங்காமல் திரும்ப வேண்டாம். தகவல் உரிமை விண்ணப்பத்துக்குப் பதில் வந்ததும், அம்மாவின் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது, நோட்டீஸை வாங்கிக்கொண்டதாக யாருடைய கையெழுத்து இருக்கிறது என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.